மச்சுப் பாப்பாவின் பங்கு

தென்காசியில் சொந்தமாக ஓர் ஓட்டு வீடு. அதன் பின்கட்டில் ஒரு மாவு மில். ஆய்க்குடி சாலையில் ஒரு தென்னந்தோப்பு. ஐந்தருவியில் சாக்குப் படுதாவில் தொடங்கித் தகரக் கூரைக்கு வந்த ஒரு வறுவல் கடை. மூன்று பையன்களுக்குப் படிப்பு, இரண்டு பெண்களுக்கு நகை போட்டுக் கல்யாணம். இத்தனையையும் மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு வந்த ஒருவன் உண்டாக்கினான். அந்த ஒருவன் நான்தான். என் தகப்பனார் எனக்கு விட்டுப்போனது தோளில் கிடந்த துண்டு. அதிலும் ஓரம் கிழிந்திருந்தது. யாரும் கைதூக்கி விடவில்லை. ஒரு வங்கி மேனேஜரும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், ஆடிக்கு ஆடி என் வீட்டில் படையல் போட்டு ஒரு கதை சொல்லுகிறார்கள். அந்தக் கதையில் நான் வாயே திறப்பதில்லை. நடந்தது என்ன என்பது எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரிக்குத் தெரியும், மச்சில் இருப்பவளுக்கும் தெரியும்.

கல்யாணமான புதிதில், அணா போய் நயா பைசா வந்த காலம் அது, நாங்கள் எட்டு ரூபாய் வாடகையில் ஒரு சந்துக்குள் இருந்தோம். என் வீட்டுக்காரி சிவகிரிப் பெண். அவள் ஊரில் வாடகை என்றால் கேவலம். “ஒரு செவராவது நம்ம செவருன்னு சாஞ்சு உக்காரணும்” என்பாள். சீசன் மூன்று மாதம் ஐந்தருவியில் நேந்திரங்காய் வறுத்து விற்பேன். இப்போது அதைச் சிப்ஸ் என்கிறார்கள். மற்ற மாதங்களில் சைக்கிளில் பொரிகடலை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். மூன்று மாதத்தில் பெருகி ஒன்பது மாதத்தில் வற்றுகிற வருமானம். குற்றாலத்தைச் சுற்றிப் பிழைப்பவன் எல்லோருக்கும் அப்படித்தான்.

அப்போதுதான் இந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பெரிய வீடு. மேலே மரப்பலகை பாவிய மச்சு அறை, ஏறிப்போக ஓர் ஏணி. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு புனலூருக்குப் போய்விட்டார். வீட்டைக் காட்ட வந்த அன்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அவருடைய மகள், பதின்மூன்று வயது, ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து காய்ச்சலில் விழுந்து அந்த மச்சிலேயே கண்ணை மூடினாள். கல்யாணம் ஆகாமல் போன பெண் குழந்தையை எங்கள் பக்கம் கன்னி என்று வைத்துக் கும்பிடுவோம். ஓலைப்பெட்டி ஒன்றில் பட்டுப்பாவாடை, வளையல், ரிப்பன் எல்லாம் போட்டு வீட்டுக்குள்ளேயே வைத்திருப்போம். குடி மாறினால் பெட்டியும் கூட வரவேண்டும். இவர்களும் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். மாடு நகரவில்லை. பெட்டியை இறக்கினால் நகர்கிறது, ஏற்றினால் நிற்கிறது. கடைசியில் தாய்க்காரி, “அவ வரமாட்டேன்னுட்டா” என்று சொல்லிப் பெட்டியை மச்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

“பயப்படுவீரோ?” என்றார் வீட்டுக்காரர்.

“வாடகை எவ்வளவு அண்ணாச்சி?”

“கேட்டதுக்குப் பதிலச் சொல்லும்வே.”

“வாடகையச் சொல்லுங்க. பயமா இல்லையான்னு பெறவு சொல்லுதேன்.”

“மூணு ரூவா.”

“மூணு ரூவாய்க்குப் பயம் வராது அண்ணாச்சி.”

அவர் சிரித்துவிட்டார். வெகுநாள் சிரிக்காதவர் சிரித்த மாதிரி இருந்தது. வீட்டை விளக்கணையாமல் வைத்திருந்தால் விற்கும்போது முதலில் உமக்குத்தான், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று வாக்கும் கொடுத்தார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே குறி, அந்த ஆயிரத்து ஐந்நூறுதான்.

விளக்கணையாமல் என்று அவர் சொன்னாரே தவிர, நாங்கள் விளக்கே ஏற்றவில்லை. மண்ணெண்ணெய்க்கு யார் கொடுப்பது? பொழுது மங்குவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். பிறகு இருக்கிற வெளிச்சத்தில் கூடத்தில் எதிரெதிரே உட்காருவோம். நான் மடியில் இருக்கும் சில்லறையைத் தரையில் கொட்டுவேன். அவள் முன்னால் நான்கு தகர டப்பாக்கள். அவளுக்கு எழுத்து வராது, எனக்கு அப்போது எழுத்துக்கூட்டத்தான் வரும். அதனால் நோட்டு கிடையாது, வாய்தான் கணக்கு. ஒவ்வொரு காசையும் போடும்போது அவள் சொல்லுவாள்.

“அரிசிக்கு. வாடகைக்கு. கடைக்கு. வீட்டுக்கு.”

நான் “ஆச்சு” என்பேன். இரண்டு பேர் காதிலும் விழுந்த பிறகு அதை யாரும் மாற்றிப் பேச முடியாது. வீட்டு டப்பாவுக்கு மட்டும் பூட்டு. சாவி அவள் தாலிக்கயிற்றில் இருக்கும், கணக்கு முடிந்ததும் டப்பாவை நான் ஒளித்து வைக்கும் இடம் எனக்கு மட்டும் தெரியும். ஒருவர் மட்டும் நினைத்தால் தொட முடியாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். படித்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும் என்று ஏதோ கணக்கு வைத்திருக்கிறார்களாமே, அதை நான் ஒரு டால்டா டப்பாவில் செய்தேன்.

எதிர்வீட்டு ஆச்சி ஒருநாள் குழாயடியில் என் வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, ஒங்க வீட்டுல வெளக்கும் எரிய மாட்டேங்கு, ஆள் நடமாட்டமும் தெரிய மாட்டேங்கு. அந்தியானா முணுமுணுன்னு சத்தம் மட்டும் வருது. அரிசிக்கு, வீட்டுக்குன்னு என்னமோ கேக்குதாளே அந்தப் புள்ள?”

“அது நாந்தான் ஆச்சி.”

“நீ சொல்லுதது ஒரு கொரலு. ரெண்டாவது கொரலச் சொல்லுதேன்.”

“அது அவுக, ஆச்சுன்னு சொல்லுதது.”

“ஆம்பளக் கொரலு எனக்குத் தெரியாதாட்டி?” என்றாளாம் ஆச்சி.

என் வீட்டுக்காரி வந்து இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். அன்று அந்தியில் கணக்குப் போடும்போது இரண்டு பேருமே கொஞ்சம் மெதுவாகச் சொன்னோம். “வீட்டுக்கு” என்று அவள் சொன்னதும், நான் “ஆச்சு” என்று சொல்வதற்கு முன்னால், மேலே பலகை இடுக்கில் அந்தச் சொல் இன்னொரு தரம் உருண்டு போனது. பழைய வீடு, உயரமான கூரை, எதிரொலிக்கத்தான் செய்யும் என்றேன். இத்தனை மாதம் ஏன் எதிரொலிக்கவில்லை என்று அவள் கேட்டாள்.

மறுநாள் அவள் ஐந்தாவது டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். சின்னது, குங்கும டப்பா.

“இது எதுக்கு?”

“பாப்பாவுக்கு.”

“செத்த புள்ளைக்கு எதுக்குட்டி துட்டு?”

“வீடு அதுக்குள்ளது. நாம குடியிருக்கோம். அவுக அப்பாவுக்கு மூணு ரூவா குடுக்கோம்லா, அதுக்கு ஒரு பைசா குடுத்தா கொறஞ்சா போவோம்?”

மாதக் கடைசியில் அந்தக் காசுக்குப் பூவும் வளையலும் வாங்கி மச்சில் கொண்டுபோய் வைப்பாள். ஒருநாள் பொரிகடலை ஓடவில்லை. இன்றைக்கு அந்த ஐந்தாவதை விட்டுவிடு என்றேன். அவள் நான்கோடு நிறுத்தினாள். மேலே பலகை கிறீச்சிட்டது. ஜன்னல் பக்கத்திலிருந்து ஓர் அடி, பிறகு இன்னோர் அடி, ஏணித் தலைப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் அரிசி டப்பாவிலிருந்து ஒரு பைசாவை எடுத்துக் குங்கும டப்பாவில் போட்டு, “பாப்பாவுக்கு” என்றாள். சத்தம் வந்த வழியே திரும்பிப் போனது. காற்றுக்குப் பலகை நெளியும் என்றேன். அன்று காற்று இல்லை. அதற்குப் பிறகு நான் அந்த ஒரு பைசாவைத் தடுத்ததில்லை. பயந்து அல்ல. வீட்டில் சண்டை எதற்கு என்றுதான்.

இன்னொன்றும் உண்டு. காலையில் எழுந்தால் தெருப்பக்கத்து ஜன்னல் கட்டையில் காசு கிடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெருவில் உள்ளவர்கள் எங்கள் இருட்டு வீட்டுக்கு நேர்ந்துகொண்டு போட்டுவிட்டுப் போவார்கள். பாதிக்கு மேல் நடுவில் ஓட்டை போட்ட பழைய காலணா. கடையில் வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுப்பதைச் சாமிக்குப் போடுகிற புத்தி எந்தத் தெருவிலும் ஒன்றுதான். என் வீட்டுக்காரி அதையும் குங்கும டப்பாவில் போட்டாளே ஒழிய நமக்கென்று எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவின் காசில்தான் வீடு வாங்கினார்கள் என்று என் மருமக்கள் பேசுவது சுத்தப் பொய்.

நாலைந்து வருடத்தில் வீட்டு டப்பாவில் ஆயிரத்து நூறு சேர்ந்துவிட்டது. அதற்காக எத்தனை கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தோம் தெரியுமா? போனால் மொய் எழுத வேண்டுமே. ஒரு சினிமா கிடையாது. அவளுக்குத் தீபாவளிச் சேலையே இரண்டு வருடத்துக்கு ஒன்றுதான்.

அந்த வருடம் ஆனியில் வீட்டுக்காரர் புனலூரிலிருந்து வந்தார். செங்கோட்டைக்காரர் ஒருவர் வீட்டை இடித்து மரத்தை எடுத்துக்கொள்ள விலை பேசியிருக்கிறாராம்.

“ஆவணி மொத முகூர்த்தத்துல பத்திரம். நீரு முழுப் பணத்த வச்சா ஒமக்கு. இல்லன்னா அவருக்கு. நானும் கடன்காரன்வே, கோவிச்சுக்கிடாதீரும்.”

“இடிச்சா பாப்பா எங்கன போகும்?” என்றாள் என் வீட்டுக்காரி.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நானூறு ரூபாய் வேண்டும். நல்ல சீசன் என்றால், மற்ற மாதச் சோற்றுக்கு ஒதுக்காமல் எல்லாவற்றையும் இதற்கே போட்டு, ஆவணிக்குள் எடுத்துவிடுவேன். ஆனால் அந்த வருடம் சாரல் பொய்த்தது. ஆனி முழுக்க வெயில். ஆடி பிறந்தும் மலை முகட்டில் ஒரு மேகம் இல்லை. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிற இடத்தில் ஐந்து கறுப்புக் கோடுகள் மட்டும் பாறையில் தெரிந்தன. அருவிச் சத்தத்திலேயே கத்திப் பேசிப் பழகிய இடம். அந்த அமைதியில் நம் மூச்சே அடுத்தவன் மூச்சு மாதிரிக் கேட்கும். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் படுதாவைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அருவியில் இல்லாத தண்ணீர்ச் சத்தம் வீட்டில் கேட்டது. பட்டப்பகலில், மச்சில். குளிக்கிற பிள்ளை தலையில் தண்ணீர் விழுவது மாதிரி, தெறித்துத் தெறித்து. நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். பெட்டி இருந்தது, தூசி இருந்தது. இறங்கி வந்தேன். திரும்பவும் கேட்டது.

ஆடி நடுவில் ஒருநாள் காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. காலையில்! வெயில் முற்றத்தில் விழுந்திருந்தது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கடையைக் கட்டிவிட்டார்கள். மழை ஒரே ஒருநாள் வந்தாலும் போதும், சேதி கேட்டுக் கூட்டம் லாரியில் வரும், அன்றைக்கு மலையில் அடுப்போடு இருக்கிறவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். அந்த ஒருத்தன் நானாக இருக்க வேண்டும். அதற்கு எண்ணெய் டின், நேந்திரங்குலை, விறகு எல்லாம் இப்போதே வாங்கி மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

“வீட்டு டப்பாவுல இருந்து இருநூறு எடுத்துக் கடைக்குப் போடுவோம்” என்றேன்.

சுளகு நின்றது. “என்ன சொல்லுதீங்க?”

“கடைக்கு.”

“வீட்டுக்குன்னு சொல்லிப் போட்ட துட்டு. ரெண்டு பேரும் காதால கேட்டது. கடைக்கு எப்படி ஆவும்?”

“நானூறு கொறையுது. சும்மா பூட்டி வச்சிருந்தா குட்டி போடுமா?”

“மழ வரலன்னா அறுநூறுல்லா கொறையும். குலையெல்லாம் பழுத்துப் போவும். நாம தெருவுல நிப்போம்.”

“இப்பமும் தெருதாம்ட்டி. இருநூற வச்சுப் பாத்துட்டு நிப்போம்ங்கேன்.”

“சாவி தரமாட்டேன். நீங்க தலகீழா நின்னாலும் தரமாட்டேன்.” தாலியைச் சேலைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

நான் தலைகீழாக நிற்கவில்லை. வெளியே போய்விட்டேன்.

அந்தியில் வழக்கம்போல உட்கார்ந்தோம். பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்கு விற்றது வெறும் சில்லறை. அவள் முதல் காசை எடுத்தாள். “அரிசிக்கு” என்று வாயைத் திறக்குமுன் மேலேயிருந்து வந்தது.

“கடைக்கு.”

தெளிவான குரல். எதிரொலி இல்லை, எதிரொலிக்க யாரும் பேசவே இல்லையே. காய்ச்சலில் படுத்திருந்து எழுந்த பிள்ளை பேசினால் ஒரு கரகரப்பு இருக்குமே, அப்படி. அவள் கையிலிருந்த காசு கீழே விழவில்லை. விரலில் அப்படியே நின்றது. என் முதுகில் வியர்வை பெருகியது. அது ஆடி வெக்கை.

அவள் அடுத்த காசை எடுத்தாள். மேலே மறுபடியும், “கடைக்கு.” மூன்றாவது காசுக்கும் அதே சொல். கடைசியாகக் குங்கும டப்பாவை நோக்கி அவள் கை போனபோது பலகை ஒருமுறை முனகியது, “கடைக்கு.” தன் பங்கையும் சேர்த்து.

என் வீட்டுக்காரி தாலிக்கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து என் முன்னால் வைத்தாள். நான் டப்பா இருந்த இடத்தை அவளுக்கு முதன்முதலாகக் காட்டினேன்.

மறுநாளே சரக்கை வண்டியில் ஏற்றி ஐந்தருவிக்குக் கொண்டுபோனேன். மலையில் நான், குரங்குகள், வறண்ட பாறை. நாள் போகப்போகக் காயின் பச்சை வெளுத்தது. முனையில் மஞ்சள் ஏறியது. மஞ்சளாகிவிட்டால் வறுவலுக்கு ஆகாது. அது காயில்லை, என் வீட்டுச் சுவர் பழுக்கிறது என்று எனக்குத் தெரியும். முதலில் பழுத்த குலையை மாவில் தோய்த்துப் பழம்பொரியாகப் பொரித்துச் செங்கோட்டை ரயிலடியில் பாதி விலைக்கு விற்றேன். போகவர நடைதான், சைக்கிளை அதற்குள் விற்று, அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு பச்சைக் குலை வாங்கியிருந்தேன். வேறு எவனாவது இருந்தால் அழுதிருப்பான். நான் அழவில்லை.

ஆடிக் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் அவள் சோறு கொண்டுவந்தாள். வந்ததும் தூக்குச்சட்டியை வைக்காமலே சொன்னாள்.

“ஏங்க, பெட்டியில இருக்குத பாவாட நனைஞ்சிருக்கு. பிழிஞ்சா தண்ணி வரும்போல இருக்கு. ஓட்டுல ஒழுக்கு இல்ல, நான் பாத்துட்டேன். தண்ணி வருது.”

“தெரியும்” என்றேன்.

உண்மையாகவே தெரியும். காலையில் பொரித்த வறுவல் ஒரு மணி நேரத்தில் நமுத்துப்போயிருந்தது. மேற்கே ஈரம் ஏறாமல் வறுவல் நமுக்காது. அவளுக்குப் பாவாடை சொல்லிற்று, எனக்கு வறுவல் சொல்லிற்று. கதை சொல்லுகிறவர்கள் பாவாடையை மட்டும் சொல்லுகிறார்கள்.

அன்று இரவே மலையில் இடி இடித்து மழை கொட்டியது. விடியும்போது ஐந்து கோடும் வெள்ளையாகிவிட்டன. இரண்டாம் நாள் கூட்டம் வந்தது பாருங்கள், பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் நடையிலும்! குளித்து நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்குச் சூடாக ஏதாவது வேண்டும். சுற்றிலும் வேறு ஒரு கடை கிடையாது. மற்றவர்கள் சாமான் சேர்த்து மேலே வருவதற்குள் நான் ஒரு வாரம் தனி ராஜாவாக இருந்தேன். கொதிக்கிற எண்ணெயில் என் புறங்கை வெந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். அவள் சீவினாள், நான் பொரித்தேன். கூட்டத்தில் யாரோ ஒரு நனைந்த சிறுமி பட்டுப்பாவாடையோடு வந்து வறுவல் வாங்காமல் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று என் வீட்டுக்காரி சொல்லுகிறாள். நான் பார்க்கவில்லை. எனக்கு நிமிர நேரமில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஆயிரத்து ஐந்நூறையும் ஒரு துணிப்பையில் கட்டிப் பத்திர ஆபீசுக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் மனைவியோடு வந்திருந்தார். பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ சாப்பிடுதாளாம்மா?” என்று கேட்டாள். “அவ பங்கு தெனம் போகுது மதினி” என்றாள் இவள். இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். நான் பத்திரத்தில் எழுத்துக்கூட்டி என் பெயரைப் போட்டேன். கைநாட்டு வைக்கவில்லை.

அதன்பின் மில்லும் தோப்பும் அறுபதுகளில் வந்தவை. டப்பாக் கணக்கு நிற்கவில்லை, ஐந்தாவது பங்கும் நிற்கவில்லை. மச்சு இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. மின்விளக்கு போட்டோம், அந்த அறையில் மட்டும் பல்பு நிலைப்பதில்லை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். ஆடிப் படையலன்று என் மக்களும் மருமக்களும் பேரன் பேத்திகளும் மச்சைப் பார்த்துக் கைகூப்பி, “எங்க பாட்டிக்குக் கடைக்குன்னு வழி சொன்ன தாயே” என்கிறார்கள். வழி சொன்னது யார்? கடைக்கு என்று அன்று காலையிலேயே, வெயில் முற்றத்தில் கிடக்கும்போதே, ஒருத்தன் வாய்விட்டுச் சொன்னானா இல்லையா? சொன்னான். முற்றத்துக்கு நேர் மேலேதான் மச்சு ஜன்னல். அந்தப் பிள்ளை என் வாயிலிருந்து கேட்டதைத்தான் அந்தியில் திருப்பிச் சொன்னாள். இத்தனை வருடமும் அவள் கீழே கேட்டதைச் சொன்னாளே தவிர, தானாக ஒரு சொல் சொன்னதில்லை. என் வீட்டுக்காரியிடம் கேட்டால், “நீங்க சொன்னப்ப நான் சாவி தரலயே, அது சொன்னதும்தான தந்தேன்” என்று சிரிக்கிறாள். இருக்கட்டும். பூட்டைத் திறந்தது யார் சொல் என்பதில் எனக்கு வழக்கில்லை. சொல் யாருடையது என்பதுதான் வழக்கு.

ஆகையால் வருகிற ஆடியிலிருந்து படையலில் இலை போடும்போது, முதலில் சொன்னது இந்த வீட்டுக் கிழவன், அவன் சொன்னதை அவள் சொன்னாள் என்று எல்லோரும் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். நான் செத்த பிறகு அல்ல. இப்போது, நான் கூடத்தில் உட்கார்ந்து காதால் கேட்க.